எங்கள் வீட்டுப் பெண் டிரம்ஸ் அடிக்கிறாள்

1

தங்கவயலை விட்டு பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் வந்து இறங்கி இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் அந்த நாள் நெருங்கும்போது நம் சுரங்க லைன் வீடுகளிலிருந்து யாராவது போன் போட்டு, "இன்னாக்கா, அங்கியே வேரு வுட்டுட்டியா?" என்று கேட்பது வழக்கம். இந்த வருஷம் போன் போட்டவள் மரகதம், என் சித்தப்பா மகள். அவள் கேட்டது வேறு.

"எஸ்தரக்கா, உங்க வூட்டுப் பொண்ணு கோயில்ல மோளம் அடிக்குதாமே? கல்யாணத்துக்கு வந்த ஜனம் பாத்துட்டு வந்து சொல்லுது."

"மோளம் இல்லடி. டிரம்ஸ்."

"இன்னா பேரு வச்சா இன்னா? குச்சி எடுத்து அடிச்சா மோளந்தான். தாத்தா சொன்ன சொல்ல யாரு மிதிச்சாலும் நீ மிதிக்கமாட்டேன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. மரகதத்திடம் போனில் பதில் சொன்னால் நடுவில் அவளும் பேசுவாள். தாளில் எழுதினால் அவளால் நடுவில் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து என்னுடையது. ஜெனியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம் எழுதி வருகிறேன். எனக்கு அவசரம் இல்லை. லைனில் இருக்கிற எல்லோரும் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் வாசித்துக் காட்டட்டும்.

2

ஜெனி யார் என்று மறந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் தம்பி தேவராசு உங்களுக்குத் தெரியும். அவன் மகன் பிரபு. தாயும் போய், பத்து வயதில் தகப்பனும் போய், என் கையில் வளர்ந்தவன். சுரங்கம் மூடிய பிறகு அவனுக்கு வேலை தேடித்தான் நான் இங்கே வந்தேன். இப்போது ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். அவன் மனைவி ஷீலா துணிக்கடையில் பில் போடுகிறாள். இவர்களுடைய ஒரே மகள்தான் ஜெனி. வயது பத்து. வீட்டில் எல்லோரும் என்னை அத்தை என்று கூப்பிடுவதால் அவளும் அத்தே என்றுதான் கூப்பிடுவாள். நானும் திருத்தவில்லை.

காலையில் ஸ்கூல் வேன் ஆரன் அடிக்கும்போது அவளுடைய ஒரு ஷூ காலில் இருக்கும், மற்றொன்று பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும். இட்லியில் பாதி வாயில், பாதி ஜன்னல் கட்டையில். பாத்ரூமுக்குப் போகச் சொன்னால் வழியில் டிவி, டிவியிலிருந்து மாடிப்படி, மாடிப்படியிலிருந்து எதிர்வீட்டு நாய். அவள் பேச ஆரம்பித்தால் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் ஒரே மூச்சில் வரும். ஒன்றும் முடியாது. நான் தமிழில் ஒன்று கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு, அது எனக்குப் புரிந்ததா என்று பார்க்கக்கூட நிற்கமாட்டாள்.

ஆனால் நல்ல மனசு. அதையும் எழுத வேண்டும். எனக்கு முட்டி வலி என்றால் தைலத்தைத் தேடி எடுத்து வருகிறவள் அவள்தான். மூடியைத்தான் எங்கேயோ போட்டுவிட்டு வருவாள்.

ஸ்கூல் டைரியில் வாரம் தவறாமல் சிவப்பு மையில் எழுதி வரும். இடத்தில் உட்காருவதில்லை. பக்கத்துப் பிள்ளையைப் படிக்க விடுவதில்லை. கேள்வியை முழுசாகப் படிப்பதில்லை. பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். ஷீலா வேலையிலிருந்து வந்து, டைரியைப் பார்த்து, சமையலறையில் முகம் திருப்பி நின்றுகொள்வாள்.

"ரெண்டு போடு போடுடி, சரியாயிடும்" என்பேன் நான்.

"போட்டாச்சு அத்தே. எனக்குத்தான் கை வலிக்குது."

"போடுற மாதிரி போடணும். இவ தாத்தன் தேவராசும் இதே கத தான். ஒரு நாள் கட்டிப்போட்டேன் பாரு, அப்புறம் அசையல. மூச்சு வுடல."

இதை நான் ஒரு தடவை சொல்லவில்லை. பெருமையாக, ஜெனியை வைத்துக்கொண்டே, பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். மரகதம், இதை நினைவில் வைத்துக்கொள். இது பிறகு வரும்.

ஐந்தாம் வகுப்பு பாதியில் ஹெட்மிஸ்ட்ரஸ் பிரபுவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வாருங்கள், பரீட்சைக்குள் பெண்ணிடம் மாற்றம் தெரியவேண்டும், இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு ஸ்கூல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரபு அன்று சாப்பிடவில்லை. அவன் அப்பன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இவனும் பத்தில் தோற்று ஐ.டி.ஐ. போனவன். இவளாவது படிக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு ஜெபம் இல்லை.

3

பிள்ளைகளுக்கு மனசு வைத்தியம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடிந்ததும் போய் வரிசையில் நின்றோம். ஒரு கவுண்டரில் டோக்கன். அதைக் காட்டினால் அடுத்த கவுண்டரில் ஃபைல். ஃபைலுக்கு ஆதார் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடை கேட்டுக்கு வெளியே. திரும்பி வந்தால் வரிசை புதிதாக இருக்கும். ஃபாரம் முழுக்கக் கன்னடமும் இங்கிலீஷும். கன்னடம் எனக்குப் பேச வரும், பஸ் கண்டக்டரோடு சண்டை போடுகிற அளவுக்கு நன்றாகவே வரும். எழுத்துதான் வராது. பிரபு எழுத, நான் சொல்ல, ஜெனி அந்த ஹாலில் இருந்த நாற்காலிகளை எண்ணி, எல்லாவற்றிலும் ஒரு தடவை உட்கார்ந்து முடித்தாள்.

டாக்டரம்மா வயதில் சின்னவள். கன்னடக்காரி, ஆனால் தமிழ் பேசினாள். ஜெனியோடு விளையாடினாள், பேசினாள், ஏதேதோ எழுதச் சொன்னாள். இரண்டு மூன்று தடவை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் சொன்னாள். கவனமும் கைகாலும் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு, ஏ.டி.எச்.டி. என்று பெயராம்.

"இது வளர்ப்புத் தப்பு இல்ல, திமிரும் இல்ல. நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும். தெரியறதுக்கும் நிறுத்தறதுக்கும் நடுவுல அவளுக்குக் கஷ்டம் இருக்கு. அடிச்சா அது போகாதும்மா. பயம் மட்டும் ஜாஸ்தி ஆகும்."

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள். "குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்துச்சா?"

பிரபு என்னைப் பார்த்தான். அவன் அப்பனுடைய சின்ன வயது அவனுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "எங்க குடும்பத்துல அந்த மாதிரி யாரும் கெடையாது டாக்டரம்மா."

இல்லை என்று எழுதிக்கொண்டாள்.

காலையில் ஒரு மாத்திரை, வாரம் ஒரு நாள் அங்கேயே பயிற்சி என்று முடிவானது. பயிற்சி அறையில் இருந்த பெண் ஜெனிக்கு முன்னால் சின்ன மேளம் ஒன்றை வைத்தாள். அவள் இரண்டு அடி அடிப்பாள், ஜெனி இரண்டு. அவள் நான்கு, ஜெனி நான்கு. அவள் கையைத் தூக்கினால் ஜெனி காத்திருக்க வேண்டும். கதவு ஓரத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனி காத்திருந்தாள். கண்ணைக்கூட அந்தக் கையிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை எதற்காவது காத்திருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் இது ஒத்து வரும்னு சொல்லமாட்டேன்" என்றாள் டாக்டரம்மா. "இது மருந்துக்குப் பதிலும் இல்ல. ஆனா இவளுக்கு இது பிடிச்சிருக்கு. கையும் காலும் காதும் ஒரே நேரத்துல வேலை செய்யணும், எண்ணணும், முறை வர்ற வரைக்கும் நிக்கணும். வீட்டுப் பக்கத்துல டிரம்ஸ் கிளாஸ் இருந்தா சேருங்க."

பிரபு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் புடவையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது" என்றேன்.

4

அது ஏன் என்று லைனில் பெரியவர்களுக்குத் தெரியும். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா குடியாத்தம் பக்கத்து ஊரில் பறை அடித்தவர். ஆசைக்கு அடிப்பதில்லை. ஊர்ப் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் ஆள் வரும், போய் அடிக்கவேண்டும். ஒரு தடவை ஆள் வந்தபோது அவருடைய மூத்த பிள்ளைக்குச் சுரம் கண்டு நினைவில்லாமல் கிடந்தது. பிள்ளை கண் திறக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். பெரிய வீட்டுப் பிணம் மேளம் இல்லாமல் காத்திருந்ததாம். ஆட்கள் வந்து தாத்தாவை இழுத்துப்போய் வண்டிச் சக்கரத்தில் இரண்டு கையையும் கட்டி அடித்தார்கள். அவிழ்த்து விட்டபோது வீட்டில் பிள்ளை போயிருந்தது. அதைப் புதைத்த கையோடு, பாட்டியையும் கைக்குழந்தையாக இருந்த எங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தங்கவயலுக்கு நடந்தார். பறையை ஏரியில் வீசிவிட்டு, இனி இந்த வம்சத்துக் கை தோலைத் தொடக்கூடாது என்றார்.

பூமிக்கு அடியில் அவ்வளவு ஆழத்தில் வெந்து வேலை செய்தாலும், கூப்பிட்ட குரலுக்கு மேளம் தூக்கிப் போகவேண்டியதில்லை என்பதே எங்கள் அப்பாவுக்குப் பெருமை. அந்தப் பெருமையில்தான் நானும் வளர்ந்தேன்.

தேவராசுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா தவறிவிட்டாள். எனக்குப் பதினாறு. நான்தான் அவனுக்குத் தாய். அவன் எப்படி என்றால், ஜெனியை எழுதியாயிற்று, அதையே திரும்பப் படித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் குரங்கு என்று பெயர். தட்டு, தகரம், கதவு, என் முதுகு, எதைக் கண்டாலும் விரலால் தட்டுவான்.

லைனில் ஒரு சாவு. கேதத்துக்கு வெளியூர் மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். தேவராசைக் காணோம் என்று தேடிப் போனால், அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். யாரோ கையில் ஒரு பறையைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கேயும் ஐந்து நிமிஷம் உட்காராதவன், காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். அடித்து, நிறுத்தி, அவர்கள் முகத்தைப் பார்த்து, மறுபடி சேர்ந்துகொண்டு. முகம் அப்படித் தெளிந்திருந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன், மரகதம். பார்த்தும்தான் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து, இரண்டு கையையும் கட்டில் காலில் கட்டினேன். ஷிப்ட் முடிந்து அப்பா வரும்வரை அவிழ்க்கவில்லை.

"எம் பொண்ணு மானத்தக் காப்பாத்தினா" என்று அப்பா சொன்னார். அந்த ஒரு சொல்லைத்தான் இத்தனை வருஷமாக நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் தேவராசு எங்கேயும் தட்டவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. எந்த வேலையிலும் நிற்கவில்லை. நல்லவன், யார் வீட்டுச் சுமையையும் தூக்கிக் கொடுப்பான், ஆனால் கோபம் வந்தால் சுவரில் கையைக் குத்துவான். குடியும் சேர்ந்துகொண்டது. முப்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, நினைவு தப்பிய பிறகு அவன் விரல்கள் கட்டில் இரும்பில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஊசி ஏறுகிற கை அசையக்கூடாது என்று நர்ஸ் சொன்னதால் அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

5

நான் வேண்டாம் என்றால் பிரபு மீறமாட்டான். மூன்று மாதம் டிரம்ஸ் பேச்சே வீட்டில் எடுக்கவில்லை. மாத்திரையில் கொஞ்சம் பிடி கிடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாரம் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் ஜெனி மேஜையைத் தட்டுவாள், நான் "ஏய்" என்பேன், நிறுத்துவாள், மறுபடி தட்டுவாள்.

பரீட்சை வந்தது. கணக்குப் பரீட்சையன்று ஸ்கேல் பாக்ஸை வீட்டில் விட்டுப் போய்விட்டாள். பிரபுவும் ஷீலாவும் வேலைக்குப் போயாயிற்று. நானே ஆட்டோ பிடித்துப் போனேன். வாட்ச்மேன் உள்ளே விட்டான். வகுப்பு வாசலில் நின்று டீச்சரைக் கூப்பிட்டேன். டீச்சர், "நீங்களே குடுத்துடுங்கம்மா, அவ இன்னைக்கு அதிசயமா எடத்த விட்டு எழுந்துக்கவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கடைசி பெஞ்சு. கிட்டப் போனேன். பாக்ஸைக் கொடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஜெனியின் இடது கணுக்கால் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஸ்கூல் டையால். மூன்று முடிச்சு. சாக்ஸுக்கு மேல் சதை பிதுங்கிச் சிவந்திருந்தது.

"யாருடி கட்டினது?" என்று கத்திவிட்டேன். டீச்சர் ஓடி வந்து, பார்த்து, வாயில் கை வைத்துக்கொண்டார்.

ஜெனி பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நானேதான் அத்தே. மெதுவா பேசுங்க. நான் எழுந்துட்டா அடுத்த வருஷம் இந்த ஸ்கூல் இல்லல்ல? தேவராஜ் தாத்தாவை நீங்க கட்டுனீங்கல்ல, அப்புறம் அவர் அசையவே இல்லன்னு சொன்னீங்கல்ல? கையை கட்டுனா எழுத முடியாது. அதான் லெக்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபத்திநாலு வயதில் இந்த முட்டியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் எழுவது கஷ்டம். முடிச்சு அவிழவில்லை. ஸ்கூல் டை வழுக்கும், ஆனால் அவள் இழுத்த இழுப்பில் இறுகிவிட்டது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும்.

தாத்தா பறை அடிக்கவில்லை என்று அவர் கையைக் கட்டினார்கள். தேவராசு பறை அடித்தான் என்று அவன் கையை நான் கட்டினேன். இவள் காலை யாரும் கட்டவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது, அவளே கட்டிக்கொள்ள நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து எனக்குத் தோன்றியது இதுதான்: தாத்தா ஏரியில் வீசினது பறையை. ஆனால் அவர் தப்பி வந்தது கயிற்றிலிருந்து. நாங்கள் பறையை விட்டோம். கயிற்றைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டோம்.

6

மறுநாள் பிரபுவிடம் கேட்கவில்லை. நானே ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் கிளாஸுக்குப் போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. சிரில் மாஸ்டர், நாற்பது வயது, இதே பெங்களூர் ஆடுகோடிக்காரர், குடும்பம் நம் ஊர்ப் பக்கம்தான். நான் போனதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தாத்தா கதை உள்பட. அவர் தலையைச் சொறிந்தார்.

"நான் டாக்டர் இல்லம்மா. கேஸு கீஸு எனக்குத் தெரியாது. டிரம்ஸ் தெரியும். பொண்ணு வரட்டும், பாக்கலாம். இன்னொண்ணு, உங்க தாத்தா சொன்னதுக்கு ஒண்ணும் ஆவாது. இது தோலே இல்ல, பிளாஸ்டிக்."

"அந்தச் சமாதானம் எனக்கு வேணாம் மாஸ்டர். தோலா இருந்தாலும் அடிக்கட்டும்" என்றேன்.

மரகதம், நீயும் யாரிடமும் பிளாஸ்டிக் என்று சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் டிரம்ஸ் பக்கமே விடவில்லை. வட்டமாக வெட்டின ரப்பர் பலகை ஒன்று, இரண்டு குச்சி, மாஸ்டரின் செல்போனில் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஜெனி முதல் வாரம் குச்சியை ஃபேன் மேல் எறிந்தாள். இரண்டாம் வாரம் முட்டை அட்டையைப் பிய்த்தாள். மாஸ்டர் கத்தவில்லை. "முடிஞ்சுதா? வா, ஒன்னுல இருந்து" என்பார். அவ்வளவுதான்.

அவர் சொல்லிக் கொடுத்த ஒன்றைத்தான் நான் உட்கார்ந்து உட்கார்ந்து பார்ப்பேன். எட்டு எண்ணி அடிக்கவேண்டும். அடுத்த எட்டை எண்ணவேண்டும், ஆனால் அடிக்கக்கூடாது. மறுபடி ஒன்றில் சரியாக விழவேண்டும். ஜெனிக்கு அடிப்பது முதல் நாளே வந்துவிட்டது. அடிக்காத எட்டுதான் வரவில்லை. மூன்றிலேயே கை போய்விடும். ஐந்தில் போய்விடும்.

எனக்கு என் வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. அவருக்குச் சுரங்கத்தில் குழிவாயில் வேலை, ஆட்களைக் குழிக்குள் ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு மணி அடிப்பது. நிற்கிற கூண்டுக்கு ஒரு மணி என்றால் ஏற்று, இரண்டு என்றால் இறக்கு, ஓடுகிற கூண்டுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. "அடிக்கிறதுல இன்னா இருக்குது எஸ்தரு? எண்ணி நிறுத்தறதுலதான் இருக்குது. ஒண்ணு கூடிப்போச்சுன்னா உள்ள இருக்கிற ஆளு கதி என்னா?" என்பார். அதை ஜெனிக்குச் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டாள். தமிழில் நான் சொன்ன ஒரு கதையை அவள் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அத்தே, கேஜுக்குள்ள எவ்ளோ பேர் இருப்பாங்க?"

"நெறைய பேரு."

"அப்ப நான் ஸ்டாப் பண்ணலன்னா எல்லாரும் செத்துருவாங்களா?"

"நீ நிறுத்துவ."

அதற்குப் பிறகு ரப்பர் பலகைக்கு முன்னால் அவள் அடிக்காத எட்டை வாய்க்குள் எண்ணும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். கூண்டு நிறைய ஆட்களோடு இறங்குகிறது போல. ஒரு வியாழக்கிழமை எட்டும் முழுசாகப் போய், ஒன்றில் குச்சி சரியாக விழுந்தது. மாஸ்டர் எழுந்தார். கீழே பேக்கரிக்குப் போய் மூன்று பப்ஸ் வாங்கி வந்தார்.

இந்த எண்ணிக்கை மெதுவாக வீட்டுக்குள் வந்தது. எட்டு எண்ணுவதற்குள் ஷூ. எட்டு வாய் சாப்பாடு, பிறகு ஒரு தடவை எழுந்து வரலாம். பாடம் கொஞ்ச நேரம், பலகை கொஞ்ச நேரம். ஷீலா அலாரம் வைத்துக் கொடுத்தாள். எல்லா நாளும் நடக்காது. போன வாரம்கூட டிபன் பாக்ஸ் தொலைந்தது. டைரியில் சிவப்பு மையும் வருகிறது. மாத்திரையும் உண்டு, ஆஸ்பத்திரியும் உண்டு. டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தால் வியாதி பறந்துவிடும் என்று யாரும் என் பேரைச் சொல்லிக் கிளம்பிவிடாதீர்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

7

ஆஸ்பத்திரியில் ஒரு வேலை மிச்சமிருந்தது. அடுத்த தடவை போனபோது கவுண்டரில் சொன்னேன், ஃபைலில் ஒன்று தப்பாக இருக்கிறது, திருத்தவேண்டும் என்று.

"என்னம்மா? பேரா, வயசா?" என்று கிளார்க் கன்னடத்தில் கேட்டார்.

"தம்பி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எந்த ஃபாரத்திலும் அதற்கு இடமில்லை. டாக்டரிடமே சொல்லுங்கள் என்று அனுப்பினார். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கட்டில் காலில் கட்டினது வரைக்கும். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏன்மா அன்னைக்கே சொல்லல?"

"அவமானமா இருந்துச்சு."

"யாருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். பிரபு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தன் அப்பன் ஏன் எந்த வேலையிலும் நிற்கவில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்கு ஒரு காரணம் தெரிந்தது. "போனவர டெஸ்ட் பண்ணிச் சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்றத எழுதிக்கறேன்" என்று டாக்டரம்மா எழுதினாள். பேரையும் எழுதச் சொன்னேன். பேர் தேவையில்லை என்றாள். "எழுதும்மா, தேவராசு" என்றேன். எழுதினாள். அவனைக் குரங்கு என்று சொல்லாத ஒரு தாளில் அவன் பேர் ஏறினது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிரபு வெளியே வந்து பைக் சீட்டைத் துடைத்தான். பிறகு என் கையைப் பிடித்து, "ஏறு அத்தே" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டரம்மாவின் கடிதத்தை ஹெட்மிஸ்ட்ரஸ் வாங்கிக்கொண்டார். டை கட்டின விஷயம் அவரையும் உலுக்கியிருந்தது. இப்போது ஜெனிக்கு முதல் பெஞ்சு. நடுவில் எழுந்து நோட்டுப் புத்தகம் விநியோகிக்கிற வேலை அவளுக்கு. பரீட்சைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். அதே ஸ்கூலில் ஆறாம் வகுப்பு போகிறாள். கணக்கில் ஐம்பத்தொன்று. அந்தக் கணுக்காலில் வாங்கின மார்க்கு அது என்று நினைக்கும்போது எனக்கு அந்த நம்பரே பிடிக்கவில்லை.

8

மரகதம், நீ கேள்விப்பட்டது எங்கள் சர்ச்சில் நடந்த அறுப்புப் பண்டிகை ஆராதனை. எங்கள் சபையில் அன்று பிள்ளைகள் பாடுவார்கள், பிள்ளைகளே வாசிப்பார்கள். சிரில் மாஸ்டர் ஜெனியை உட்காரவைத்தார். நான் முதல் வரிசையில், நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால், ஒரு கல்யாணத்துக்காக லைனிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், "இது தேவராசு பேத்தி இல்ல? இவங்க மோளமே தொடமாட்டாங்களே" என்று பேசுவது கேட்டது. திரும்பிப் பார்த்து, "ஆமா, தேவராசு பேத்திதான்" என்றேன். அவர்கள்தான் உன்னிடம் வந்து சொல்லியிருப்பார்கள்.

அவளை யாரும் ஆள் விட்டுக் கூப்பிடவில்லை. அவள் போனாள். நாளைக்கே குச்சியைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாலும், வைக்கிற கையும் அவளுடையது. தாத்தா கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அவர் ஒத்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. கோபக்கார மனுஷன் என்பார்கள்.

கடைசிப் பாட்டில் பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது. கீபோர்டுப் பையன் இன்னும் வாசிக்கிறான். கையில் டம்பரின் வைத்திருக்கிற பெண் அதைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறாள். கைதட்டுகிற ஜனமும் நிறுத்தவில்லை. இத்தனை சத்தத்தில் இவள் எங்கே நிறுத்தப் போகிறாள் என்று பார்த்தேன்.

ஜெனி கடைசி அடியை அடித்தாள். அதிர்ந்துகொண்டிருந்த, டிரம்ஸின் அந்தப் பெரிய பித்தளைத் தட்டை விரல்களால் பிடித்து அடக்கினாள். குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவளுடைய இரண்டு கையும் மடியில் சும்மா இருந்தன.

கட்டாமலே.